திருடன் படி

முசெம்பி மேஸ்திரி கட்டிய மாடிப்படியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று ஹுருமா பேட்டை முழுக்கச் சொல்வார்கள். "காலுக்குக் கண்ணு கிடையாது. முதல் ரெண்டு படியிலயே அளவைப் பிடிச்சுக்கும், அப்புறம் நம்பித்தான் வைக்கும். அந்த நம்பிக்கையைக் கெடுக்கிறவன் கொலைகாரன்" என்பான். ஒரு படி உயரம் தப்பினாலும் சித்தாளைக் கரணையாலேயே சாத்துவான். அவ்வளவு முன்கோபி.

அப்பேர்ப்பட்டவனையே மசிய வைத்தவள் வீட்டுச் சொந்தக்காரி வங்கேசியம்மா. அவளுடைய கட்டடத்தின் உச்சி மாடியில்தான் அவன் வாடகைக்கு இருந்தான். பகலிலும் இருட்டான படிக்கட்டு. வாரம் தவறாமல் யார் வீட்டு கேஸ் சிலிண்டராவது காணாமல் போகும்.

"ஒரே ஒரு படியை மூணு விரல் ஒசத்திக் கட்டு மேஸ்திரி. குடியிருக்கிறவங்களுக்குக் கால் பழகிடும். திருடன் வந்தா மூக்கு உடையட்டும்."

முசெம்பி சிரித்தான். வித்தைக்காரனுக்கு விஷமமும் ஒரு வித்தைதான். கட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் ஜம்பமாக அறிவித்தான்: "தெரிஞ்சவன் இங்க விழமாட்டான். விழுறவன் திருடன்!"

அந்த மாதமே ஒருவன் சிலிண்டரோடு உருண்டான். பல் தெறித்தது. கதவுகள் திறந்தன. உலக்கையும் செருப்பும் கல்லும் விழுந்தன. தெருவுக்கு இழுத்துப்போய்க் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்தினார்கள். எரிந்த நாற்றம் மறுநாள் தின்ற உகாலிக் களியிலும் அடித்தது. ஆனாலும் முசெம்பிக்கு சோடா வாங்கித் தந்து தோளைத் தட்டினார்கள். அவன் குடித்தான், அதே கட்டடத்தில் குடியிருந்த எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை.

மாம்பழக் காலத்தில் ஒரு சாயங்காலம் அவன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தான். கீழே தடதடவென்று சத்தம். "திருடன்! திருடன்!" சம்மட்டிக் காம்பை உருவிக்கொண்டு ஓடினான். இருட்டில் கும்பல் குனிந்து அடித்துக்கொண்டிருந்தது. அவனும் கும்பலுக்குள் புகுந்து ஓங்கி ஒன்று போட்டான். எலும்பு முறிவது கையில் தெரிந்தது.

"அண்ணே..." என்றது கீழே கிடந்த வாய்.

ஊரிலிருந்து வந்த தம்பி கிமேயு. சாக்கு கிழிந்து, அண்ணனுக்காகச் சுமந்து வந்த மாம்பழங்கள் காலடியில் நசுங்கிக் கிடந்தன.

முசெம்பி அவன்மேல் விழுந்து மூடினான். "என் தம்பிடா! நிறுத்துங்கடா, என் தம்பி!"

"தம்பின்னா எதுக்கு அந்தப் படியில விழுறான்?" வங்கேசியம்மாவின் உலக்கை நிற்கவில்லை. "நீதானேய்யா சொன்ன, விழுறவன் திருடன்னு!"

அடிகள் அண்ணன் முதுகிலும் விழுந்தன. நாலு பேர் அவனைப் பிய்த்து இழுத்தார்கள். விடியுமுன் கிமேயு போய்விட்டான்.

அடக்கம் முடிந்து திரும்பியவன் சம்மட்டியை எடுத்து அந்தப் படியை அடித்துத் தகர்த்தான். சில்லு தெறித்து நெற்றி கிழிந்தது, துடைக்கவில்லை. ஒருவரும் தடுக்க வரவில்லை. மற்றப் படிகளின் அளவுக்கே மட்டம் பார்த்துப் பூசினான். பூச்சு இறுகும்வரை மேலே பலகை போட்டிருந்தான், அதனால் மேடு போனது யார் காலுக்கும் தெரியவில்லை.

பலகையை எடுத்த அன்று, வங்கேசியம்மா துணி அலசிய பேசினோடு மேலேயிருந்து இறங்கினாள். அவள் கால் பழைய மேட்டை நம்பி இறங்கியது. மேடு இல்லை. அலறக்கூட நேரமில்லாமல் உருண்டு, முகம் சுவரில் மோதி, வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தாள்.

"திருடன்!" என்று மேலேயிருந்து யாரோ பழக்கத்தில் கத்திவிட்டார்கள். கதவுகள் படபடவென்று திறந்தன. உலக்கைகளோடு ஆட்கள் இறங்கி வந்தார்கள். இருட்டில் கீழே கிடந்தவளின் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை.

படிக்குக் கீழே முசெம்பி, பலகையைத் தட்டி எடுத்த சம்மட்டியோடு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். குழறினாள். அவன் ஒதுங்கி நின்றால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பிறகு அவளைத் தாண்டி ஏறி, புதுப்படியில் காலை ஊன்றி, சம்மட்டியைக் குறுக்கே பிடித்தான்.

"யாருன்னு கேட்டுட்டு அடிங்கடா" என்றான். "என் தம்பியை ஒருத்தனும் கேக்கல. நானும் கேக்கல."