கிடாய் கொடுத்து மீட்ட ஆமை

கடலின்மேல் எனக்குத் தனிப்பட்ட பாசம் எதுவும் இருந்ததில்லை. பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் என்பது வீட்டுக்குப் பின்னால் எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும் ஒரு சாமான். கதவுப் பிணைச்சல்களைத் துருப்பிடிக்க வைக்கும். குளித்தால் தலை பிசுபிசுக்கும். அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், அதனிடமிருந்து எங்களை யார் பாதுகாப்பது என்றுதான் கேட்டிருப்பேன்.

அப்படியிருந்தும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் எங்கள் ஊர்க் கடல் பாதுகாப்புச் சங்கத்தின் உபதலைவியாக இருந்தேன். காரணம் சயிக்கிள். பொருளாதாரத் தடையில் டயர் வராத காலம். என் சயிக்கிளின் டயர் கிழிந்து தொங்கியது. நான் கணக்குப் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சரின் பின் கரியரில்தான் வீட்டுக்குப் போய்வந்தேன். அவர் பள்ளிக்கூடம் விட்டதும் சங்கக் கூட்டத்துக்குப் போவார். கரியரும் அவரோடு போகும். மொத்தம் மூன்று பேர் உள்ள சங்கத்தில் பதவி இல்லாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம். என்னை உபதலைவியாக்கிவிட்டார்கள்.

விஞ்ஞான ரீச்சர் செயலாளர். முட்டை கூடச் சாப்பிடாத சைவம். சிரிப்பதை யாரும் பார்த்ததில்லை. தலைவர், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுவதும் கடலால் வந்த சாமான்களைப் பிடித்தவர், இப்போது கடலில் திரிகிற சாமான்களைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனியார் வகுப்பு நடக்கும் ஒரு ரியூட்டரிக் கொட்டிலில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன வாங்குகளில் கூடுவோம்.

ஒருநாள் ஆமைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. தலைவர் உருக்கமாகப் பேசினார். நான் கேட்டேன்: "ஐயா, நீங்கள் ஆமை இறைச்சி சாப்பிட்டிருக்கிறியளோ?"

அவர் கொட்டிலின் கூரையைப் பார்த்தார். "அது அறியாத காலத்திலை, பிள்ளை."

"எப்ப வரைக்கும்?"

"போன வருசம் வரைக்கும்."

விஞ்ஞான ரீச்சர் கண்ணை மூடித் திறந்தார். அவர் மனிதர்களிடம் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆமைகளுக்காகத்தான் எங்களோடு இருந்தார்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. கடற்கரையில் கரைவலையில் ஒரு பேராமை பட்டுவிட்டதாகச் செய்தி. எஞ்சின் படகுகளுக்கு மண்ணெண்ணெய் இல்லை, கரையை விட்டுத் தள்ளிப்போனால் நேவி சுடும் என்பதால், அப்போது எல்லாரும் கரையில் நின்று இழுக்கும் வலையைத்தான் நம்பியிருந்தார்கள். தலைவர் ஒரு சயிக்கிளிலும் நாங்கள் இருவரும் ஒரு சயிக்கிளிலுமாகப் போய் இறங்கினோம்.

ஆமை மல்லாக்கக் கிடந்தது. ஒரு சிறிய மேசை அளவு இருக்கும். துடுப்புக் கைகளால் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் நின்றார். தடித்த மனிதர். வாயைத் திறந்தால் இரண்டு சொல்லுக்கு ஒரு தூஷணம் வரும். எங்களைக் கண்டதும் தூஷணங்களை விட்டுவிட்டுப் பேச முயன்றதால், அன்று அவருடைய வசனங்கள் எல்லாம் இடையிடையே நின்று நின்று வந்தன.

"உதுக்கு இவ்வளவு பேர் வரவேணுமோ, ரீச்சர்?"

"இது அழிஞ்சு போற இனம், சம்மாட்டியார். விட்டிடுங்கோ" என்றார் விஞ்ஞான ரீச்சர்.

"நாங்களும் அதுதான், ரீச்சர். எங்களை ஆர் விடுகினம்? கடலைப் பாதுகாக்க நேவி நிக்குது. அங்காலை ஒருத்தரும் போகேலாது. மீனெல்லாம் கொழுத்துப்போய்த் திரியுது. உங்கடை சங்கம் அவைக்குத்தான் ஒரு மாலை போடவேணும்."

தலைவர் முன்னே வந்தார். "ஆமை விஷ்ணுவின்ரை அவதாரமெல்லோ?"

"ஓம் ஐயா, ரெண்டாவது அவதாரம். முதலாவது மீன். அதையும் விடச் சொல்லுவியளோ?"

வலை இழுத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் உபதலைவிப் பதவி ஆட்டங்கண்டது.

சம்மாட்டியார் கொஞ்சம் இறங்கி வந்தார். "என்ரை ஆக்கள் விடியத் துவங்கி இழுத்தவை. வந்தது இதுவும் கொஞ்சச் சூடை மீனும்தான். இதைப் பங்கு போட்டால்தான் இண்டைக்கு அவையின்ரை வீட்டிலை கறி. இதுக்குப் பதிலா நீங்கள் என்ன தருவியள்?"

தலைவர் மானஸ்தர். அத்தனை பேருக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. "என்ரை கிடாயைத் தாறன்" என்றார்.

அது கோயில் வேள்வியில் பலிகொடுக்க நேர்ந்து வளர்த்த கிடாய். முருங்கையிலையும் கஞ்சியும் கொடுத்துக் கன்றுக்குட்டி அளவுக்கு ஆக்கி வைத்திருந்தார். சம்மாட்டியார் ஆமையையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிடாய் எந்த வளவில் நிற்கிறது என்று கேட்டார். ஆமையைப் புரட்டிக் கடலுக்குள் தள்ளினார்கள். அது திரும்பிப் பார்க்காமல் போனது.

திரும்பும் வழியில் ரீச்சர் சயிக்கிளை மெதுவாக மிதித்தபடி, "ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொரு உயிரோ, ஐயா?" என்று கேட்டார்.

"கிடாய் அழிஞ்சு போற இனம் இல்லை, ரீச்சர்."

அன்று மாலை கிடாயை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். தலைவரின் மனைவி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. சாமிக்கு என்ன பதில் சொல்லுவது என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. இதைவிடப் பெரிய கிடாய் தருவதாகச் சாமியிடம் தவணை கேட்டிருப்பதாகத் தலைவர் எங்களிடம் சொன்னார்.

சில கிழமைகள் கழித்துச் சம்மாட்டியார் ஆள் அனுப்பினார். இன்னொரு ஆமை பட்டிருக்கிறதாம். எங்களிடம் கிடாய் இல்லை. ரீச்சர் கடற்கரையில் நின்று யோசித்துவிட்டு, "உங்கடை பிள்ளையளுக்கு நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறன்" என்றார். சம்மாட்டியாரின் மகள் பதினோராம் வகுப்பு, அந்த வருசம் ஓ.எல். சோதனைக்கு இருந்தாள். வலை இழுப்பவர்கள் வீடுகளிலும் அந்த வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். பேச்சு முடிந்தது. ஆமை கடலுக்குப் போனது. ரீச்சர் கிழமையில் இரண்டு நாள் கடற்கரையில் சம்மாட்டியார் வலை வைக்கும் கொட்டிலான வாடிக்குள், வலைக் குவியல்களுக்கு நடுவே ஒளித்தொகுப்பு படிப்பிக்கத் தொடங்கினார். கரியரில் நானும் போய் ஒரு மூலையில் தூங்குவேன்.

சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கையில் மூன்றாவது ஆமை வந்தது. இந்த முறை சம்மாட்டியார் என்னைப் பார்த்தார்.

"ரீச்சர் கணக்குத்தானே படிப்பிக்கிறியள்? இது கணக்குக்கான ஆமை."

நான் ஒத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? ஆமையை நீருக்குள் தள்ளினார்கள். தலைவர் அதற்கு ஒரு பிரியாவிடை உரை நிகழ்த்தியபடி பின்னுக்கு நகர்ந்தார். திடீரென்று கால் தடுக்கி மணலில் குந்திவிட்டார். அதே நேரம் கடலுக்குள் போய்க்கொண்டிருந்த ஆமையும் சட்டென்று நின்றது. கைகளை அடித்தது. நின்ற இடத்திலேயே நின்றது.

தலைவரின் காலில் தங்கூசி நூல் சிக்கியிருந்தது. அந்த நைலோன் நூல் மணலுக்கடியால் ஓடிக் கடலுக்குள் இறங்கியிருந்தது. வலை இழுப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

"உதென்ன, சம்மாட்டியார்?" என்றார் ரீச்சர்.

"பாதுகாப்புக்குக் கட்டினனாங்கள், ரீச்சர். உங்கடை சங்கமும் பாதுகாப்புச் சங்கம்தானே."

"அப்ப இது எந்த ஆமை?"

"எல்லாம் இது ஒண்டுதான். கடலுக்கை இருக்கிற கல்லுப் பாருக்கு உள்ளுக்கை, ஆழமில்லாத தண்ணியிலை கட்டி வைச்சிருந்தம். நல்லாச் சாப்பிடுது."

மணலில் இருந்தபடியே தலைவர் கேட்டார்: "என்ரை கிடாய்?"

"அதுவும் இதுக்குத்தான், ஐயா."

ரீச்சர் வெடித்துச் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சம்மாட்டியார் பயந்தே போனார். பிறகு ரீச்சர் ஒருவரிடம் மீன் வெட்டும் கத்தியை வாங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நீருக்குள் இறங்கினார். ஆமையின் கையில் நூல் கட்டிய இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. அதை அறுத்துவிட்டார். இம்முறை அது உண்மையாகவே போனது.

கரையேறி வந்த ரீச்சர், "நாளைக்கு வகுப்பு இருக்கு" என்றார். "கணக்கும் நடக்கும். ஆமை வந்தாலும் வராட்டிலும் நடக்கும்."

சம்மாட்டியார் எங்கள் சயிக்கிள்களை மணலில் இருந்து தூக்கி வீதியில் கொண்டுவந்து வைத்தார்.

சோதனைப் பெறுபேறு வந்தது. அவருடைய மகள் விஞ்ஞானத்தில் நல்ல புள்ளியோடு சித்தியடைந்திருந்தாள். கணிதத்தில் மட்டுமட்டாகச் சித்தி. ரெண்டுக்கும் ஒரே ஆமைதானே, ஏன் வித்தியாசம் என்று சம்மாட்டியார் என்னை வழிமறித்துக் கேட்டார்.

அதன்பிறகு தலைவர், ஊரை விட்டு வெளியேறப் பாஸ் கிடைத்து, கொழும்பில் இருந்த மகனிடம் போய்விட்டார். புதிய தலைவர் வேண்டும். ரீச்சர் சம்மாட்டியாரின் பெயரைச் சொன்னார். நான் ஆதரித்தேன். சங்கத்தில் வேறு யாரும் இருக்கவில்லை.

அப்போது சுண்ணாம்புச் சூளைக்காக எங்கள் பகுதிக் கடலடிப் பாரில் முருகைக்கல், அதாவது பவளப் பாறை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். சீமெந்து வராததால் சுண்ணாம்புக்கு நல்ல மதிப்பு. நாங்கள் கடதாசித் தட்டுப்பாட்டிலும் அப்பியாசக் கொப்பி ஒற்றைகளில் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்திருந்தோம். அவற்றில் வடை சுற்றி விற்றதை நானே பார்த்தேன். சம்மாட்டியார் பதவியேற்ற மறுநாள் காலை சூளைக்காரர்களிடம் போனார். நாங்களும் பின்னால் போனோம். அவர் பேசத் தொடங்கியதும் ரீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. அரைமணி நேரம் அந்த மனிதர் சொன்ன எதையும் அச்சில் எழுத முடியாது. அடுத்த கிழமை அந்தப் பகுதியில் கல் உடைப்பது நின்றுவிட்டது.

"நீங்கள் ஏன் இதிலை இவ்வளவு மும்முரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கல்லை உடைச்சால் அலை நேரை வந்து என்ரை வாடியை அள்ளிக்கொண்டு போயிடும், ரீச்சர். பேந்து வகுப்பை எங்கை வைக்கிறது?"

சொல்லிவிட்டு வலையை உதறப் போனார். ரீச்சர் வாடிக்குள் பிள்ளைகளைச் சத்தம் போட வேண்டாம் என்று அதட்டிக்கொண்டிருந்தார்.