தாம்பாளம் விழுந்தும் திரும்பாத குழந்தை

எண்பத்தாறாம் வருடக் கோடை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் முழுகாமல் இருந்த தொடக்க மாதங்களில் லேசான காய்ச்சலும், உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பும் வந்தன. சீக்கிரமே மறைந்ததால் வேர்க்குரு என்று விட்டுவிட்டேன்.

மகள் அமுதா பிறந்து, உட்காரத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளம் விழுந்தது. பக்கத்து வீட்டு மல்லிகா பதறி ஓடிவந்தாள்.

“இன்னாக்கா, கொயந்த திரும்பிக்கூட பாக்கல?”

அமுதாவின் காதைச் சோதித்த டாக்டர் முதலில் விசாரித்தது என் கர்ப்பகாலத்தைத்தான். காய்ச்சலையும் தடிப்பையும் சொன்னேன்.

“அது ருபெல்லா அம்மையா இருந்திருக்கலாம்மா. வயித்துல இருக்கிற குழந்தையோட காதைப் பாதிச்சிடும்” என்றார்.

இப்போது காது கேளாதோர் பள்ளியில் படிக்கும் அமுதா, கைகளால் ஓயாமல் பேசுகிறாள்.

சமீபத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. புடவை எடுக்கப் போகும் முன்பே அவளை ருபெல்லா தடுப்பூசிக்கு அழைத்துப் போனேன். ஊசி குத்தும்போது சித்தியின் கையை அமுதாதான் பிடித்துக்கொண்டாள்.