எரிப்பு ஆண்டும் நான் எழுதிய கடிதங்களும்

அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் திருத்திக் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. பெரும்பாலும் மருத்துவம், பொறியியல்தான் வரும். ஒருமுறை ஸ்காட்லாந்து மக்களின் வரலாற்றில் ஒரே ஒரு ஆண்டைப் பற்றிய புத்தகம் வந்தது. 1814. அந்நாட்டின் வடக்கு மலைப்பகுதியில் ஒரு பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள் அதை எரிப்பு ஆண்டு என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். தலைமுறைகளாகப் பயிர் செய்து மாடு வளர்த்த குடிகளை, ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டுமென்று நிலப்பிரபு குடும்பம் வெளியேற்றியது. போனவர்கள் திரும்பிவந்து கூரை போட்டுவிடக் கூடாதென்று உத்தரங்களைக் கொளுத்தினார்கள். மரம் கிடைக்காத ஊர் அது. உத்தரம் போனால் வீடே போனது.

நான் காற்புள்ளி பார்க்கிறவள். கதைக்குள் போகக் கூடாது, போனால் பிழை கண்ணில் படாது. ஆனால் நிலப்பிரபுவின் ஆட்கள் எழுதிய கடிதங்களைப் பற்றிய அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். நான் எதிர்பார்த்த வசவு அங்கே இல்லை. பாவம், இங்கே கிடந்து கஷ்டப்படுகிறார்கள், கடலோரத்துக்குப் போனால் அவர்களுக்குத்தான் நல்லது என்கிற தொனி. படிக்கப் படிக்க, எழுதியவர் நல்ல மனிதர்தானோ என்று தோன்றிவிடும்.

அதே மாதம்தான் எங்கள் அடுக்ககத்தில் கூட்டம் நடந்தது. கோவில்பதாகைப் பக்கம் எங்கள் கட்டடம். பின்சுவருக்கு அப்பால் ஒரு சின்ன ஏரி, அதன் கரையில் வரிசையாக வீடுகள். அங்கே இருந்தவர்களின் பெற்றோர் சுற்றியிருந்த வயல்களில் நடவு நட்டவர்கள். பிள்ளைகள் கம்பெனிகளுக்கும் எங்கள் சமையலறைகளுக்கும் வேலைக்கு வந்தார்கள். என் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவும் அந்தக் கரையில் பிறந்தவர். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

மழைக்குக் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்று கார்கள் கெட்டுப்போயிருந்தன. கரையில் இருக்கும் வீடுகளால்தான் தண்ணீர் வடியவில்லை என்று கூட்டத்தில் முடிவானது. நம் கட்டடமே பழைய வாய்க்கால் மேலேதான் நிற்கிறது என்று மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் சொன்னார். அதைக் கூட்டக் குறிப்பில் யாரும் சேர்க்கவில்லை. குறிப்பெடுத்தது நான்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற பெரியவர், அந்த வீடுகளை அகற்றக் கோரி கலெக்டருக்கு மனு எழுதும் வேலையையும் என்னிடமே கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதினேன். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை ஒரே ஒரு இடத்தில்தான் போட்டேன். முதலில் அந்த மக்கள்மேல் அக்கறை, அடுத்து வெள்ளத்தால் அவர்கள் உயிருக்கே ஆபத்து, கடைசியில் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினால் அவர்களுக்கே நல்லது. எங்கே படித்த வரிசை இது என்று எழுதும்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் எழுதினேன். செயலாளர் படித்துவிட்டு, யார் மனதையும் புண்படுத்தாமல் எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, அக்கா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"ஊட்டு ஊட்டுக்கு ஒட்டிகினு போயிட்டாங்கம்மா. பாஞ்சு நாள்ல காலி பண்ணணுமாம்" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "ஃப்ளாட்டுக்காரங்க யாரோ எயுதிப் போட்டாங்கன்னு சொல்றாங்க. யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியலையேக்கா" என்றேன்.

காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார். "செரி, எங்களுக்கு ஒண்ணு எயுதிக் குடு. இங்கிலீசுல எயுது. அதுக்குத்தான் மருவாத."

தமிழிலேயே எழுதலாம், அதுதானே அரசு மொழி என்று சமாளித்தேன். உண்மையில் எனக்குப் பயம். ஆங்கிலத்தில் எழுதி, அதன் நகல் விளக்கம் கேட்டுச் சங்கத்துக்கு வந்தால், இரண்டும் ஒரே கை என்று செயலாளருக்குத் தெரிந்துவிடும். அக்கா சாப்பாட்டு மேசையருகே நின்றபடி வரிசையாகச் சொன்னார்: கரண்ட் ரசீது எந்த வருடத்திலிருந்து இருக்கிறது, வாய்க்கால் முதலில் எங்கே ஓடியது, அதை எப்போது மண்போட்டு மூடினார்கள். வாய்க்காலை நான் விட்டுவிட்டேன். ஐயா கருணை கூர்ந்து என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். யாரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அக்கா அதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வீடுகளை இடிக்கப் பொக்லைன் வந்த அன்று முன்வாசல் வழியாகச் சீக்கிரமே ஆபீஸ் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் திரும்பியபோது கரையில் செங்கல் குவியலும், ஒரு வேப்பமரத்தடியில் கட்டிலும் கிரைண்டரும் இருந்தன. ஆட்கள் இல்லை.

நகரத்தின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடியில் அவர்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அக்கா வந்தார். இனிமேல் வேலைக்கு வர முடியாது, மூணு பஸ் மாற வேண்டியிருக்கு என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் பாதி குடித்திருந்தபோது, அந்த முதல் மனுவை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "உங்க சங்கத்துப் பெரியவரே சொன்னாரு. நோட்டீசு ஒட்டின அன்னிக்கே."

"அப்புறம் ஏங்க்கா என்கிட்டயே வந்தீங்க?"

"நீ எயுதினத அவுங்க கேட்டாங்க இல்ல? எங்களுக்கும் அதே மாரி எயுதினா கேப்பாங்கன்னு பாத்தேன்."

கோபம் எதுவும் குரலில் இல்லை. மீதி டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவப் போனார். நான் தடுத்தேன். வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்றாவது கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில். வாய்க்கால், ரசீதுகள், முதல் மனுவில் நான் மறைத்தது எல்லாவற்றையும் எழுதி, அதே கலெக்டர் அலுவலகத்துக்கு என் பெயரில் அனுப்பினேன். பெறப்பட்டது என்று ஒரு பதில் வந்தது. சங்கத்துக்கு எப்படியோ தெரிந்து, செயலாளர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். வீடுகளை இடித்து முடித்த பிறகு எழுதிய கடிதம் அது. என் மனசுக்காக எழுதியது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அடுத்த மழைக்கும் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றது. கரையில் இப்போது வேலி போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. வேறு நல்ல இடம் பக்கத்தில் இல்லை. தினமும் காலையில் அங்கேதான் நடக்கிறேன்.