அண்ணன் மீட்டெடுத்த இடக்கை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது அவருடைய ஜீப்பில் ஏறியவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஜீப்பை விட்டு இறங்கிய பிறகு அவர் வாழ்ந்த ஆறு ஆண்டுகளை அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. முக்கியமாக அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணன் பிறந்தது சேர்வராயன் கோயில் பாதையில் உள்ள எங்கள் சிற்றூரில். அப்பா இறந்தபோது அவர் எட்டாம் வகுப்பு, நான் கைக்குழந்தை. பள்ளியை விட்டு எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு ஓட்டுநரானார், சொந்தமாக ஜீப் வாங்கினார், என்னை ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார். முன்கோபக்காரர்தான். அளவுக்கு மேல் ஒரு ஆளைக்கூட ஏற்ற மாட்டார். அதற்காகத் திட்டு வாங்கிய நாட்கள் உண்டு. மலையில் ஓட்டிய அத்தனை ஆண்டுகளில் அவருடைய வண்டி யாரையும் உரசியதில்லை.

ஒரு காலையில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியவருக்கு, கியர் மாற்றப் போன இடக்கை அப்படியே தொங்கிவிட்டது. வலக்கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, ஓரத்து மண்மேட்டில் வண்டியை முட்டி நிறுத்தினார். “எறங்கிக்குங்க... என்னமோ ஆவுதுங்க” என்று நாக்குழறச் சொன்னார். கடைசி ஆள் இறங்கும் வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் சாய்ந்தார். இறங்கியவர்களே வேறு வண்டி பிடித்து அவரைச் சேலத்துக்குக் கொண்டு போனார்கள்.

மூளையின் வலப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. பேச்சு தெளிந்தது, கால் தேறியது. கை மட்டும் அசையவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரம் அண்ணன் அந்தக் கையைத் துண்டால் மூடியே வைத்திருந்தார். ஒருநாள் என்னிடம், “வேற ஆரோ ஒருத்தர் கையை மடியில வெச்சுட்டுப் போன மாதிரி இருக்குது கண்ணு” என்றார். அண்ணி அடுப்படிக்குப் போய் அழுதார்.

அடுத்த மாதம் மருத்துவமனையில் ஒரு சோதனைக்குக் கூப்பிட்டார்கள். மூளையின் அலைகளைத் திரையில் காட்டும், ஒயர்கள் வைத்த துணித் தொப்பி ஒன்றை இயன்முறை மருத்துவர் அண்ணனின் தலையில் மாட்டினார். இடக்கையை மூடித் திறக்க முயலும்படி சொன்னார். கை அசையவே இல்லை.

“பாத்தீங்களா மேடம், செத்துப் போச்சுங்க” என்றார் அண்ணன்.

“கையைப் பாக்காதீங்க. இந்தத் திரையைப் பாருங்க. நீங்க முயற்சி பண்றப்பெல்லாம் இந்த எடத்துல அலை தாழுது. மூளை வேலை செஞ்சா அப்படித்தான் தாழும். விட்டதும் பழையபடி ஏறுது. உங்க மூளை அந்தக் கையை அசைக்கப் பாக்குதுங்க.”

அண்ணன் மறுபடி முயன்றார். கோடு தாழ்ந்தது. விட்டார், ஏறியது. பத்துப் பன்னிரண்டு முறை செய்து பார்த்தார். வியர்த்துவிட்டது.

“அப்ப நான் சொல்றது கெளம்புது, கைக்குத்தான் போய்ச் சேர மாட்டேங்குது. மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்ச மாதிரிங்களா?”

“ஆமாங்க. அடிபடாத பகுதி வழியா வேற வழி உண்டாகலாம். பயிற்சி பண்ணப் பண்ணத்தான் தெரியும். முழுசாச் சரியாயிரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“வாக்கு வேண்டாமுங்க. செய்ய வேண்டியதைச் சொல்லுங்க” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து தினமும் சில மணி நேரம் நல்ல கையில் உறை மாட்டி, அதற்கு வேலை கொடுக்காமல் வைத்தார்கள். விழுந்த கையைத்தான் எல்லாவற்றுக்கும் கூப்பிட வேண்டும். கட்டைவிரல் துடித்த அன்று அண்ணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு தட்டு காப்பிக்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவது அவருக்குக் கொடுத்த பயிற்சி. ஒருநாள் கோபத்தில் தட்டையே தள்ளிவிட்டார். கொட்டை அறையெங்கும் சிதறியது. நான் குனிந்தேன்.

“நீ எந்திரி சாமி. கொட்டுனவன் நானு” என்று தரையில் உட்கார்ந்து, அந்தக் கையாலேயே ஒன்றுவிடாமல் பொறுக்கினார். காலையில் தொடங்கியது, மதியச் சோறு ஆறும் வரை ஆனது.

ஒன்றரை ஆண்டில் சட்டைப் பொத்தான் போட்டார், ஆரஞ்சு உரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பள்ளி மைதானத்துக்கு அழைத்துப் போய் ஜீப்பை எடுத்தார். கியர் விழுந்தது. மூன்று சுற்று வந்தார். நான் சந்தோஷத்தில் கைதட்டினேன். அண்ணன் இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

“மூணாவது கியருக்குக் கை ஒரு நொடி லேட்டா வருது. எனக்கு இந்தக் கை போதும் கண்ணு. என்னை நம்பி ஏர்ற சனத்துக்குப் போதாது.”

அந்த ஒரு நொடியை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மருத்துவர்கூட ஓட்டலாம் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. அண்ணன் கேட்கவே இல்லை. அவரை நினைத்து நான் அதிகம் பெருமைப்பட்ட நாள் அதுதான்.

பிறகு தோட்ட வேலையோடு, மலையில் யாருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டாலும் பஸ் ஏறிப் போய்விடுவார். அவர்கள் எதிரே உட்கார்ந்து தன் இடக்கையை மூடித் திறந்து காட்டுவார். “அசையலீன்னு விட்டுறாதீங்க. உள்ளுக்குள்ள வேலை நடக்குதுங்க” என்பார். எத்தனை வீடுகள் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாரடைப்பில் அவர் காலமான அன்று அது தெரிந்தது. எங்களுக்கு முகம் தெரியாத ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சிலர் ஊன்றுகோலோடு, சிலர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. கடைசியாக மண் போடும்போது அவர்களில் ஒரு பெரியவர் நல்ல கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு, நடுங்கிய மற்றக் கையால் மண்ணை அள்ள முயன்றார். முதல் பிடி நழுவிவிட்டது. மறுபடி அள்ளினார். அவர் போட்டு முடிக்கும் வரை மொத்தச் சனமும் காத்து நின்றது.

அன்று அப்படிக் காத்து நின்ற உங்களுக்கும், ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கும், பொய் நம்பிக்கை தராமல் உண்மையைச் சொல்லி வழிநடத்திய மருத்துவருக்கும், தன் சோர்வைக் கடைசிவரை அவருக்குக் காட்டாத அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அவருக்குத் தங்கையாகப் பிறந்தவள்