மணி அடிக்கும் முன்பே நின்றுபோன படம்

இந்தப் படத்துக்கு நானே வாயாகிவிட்டால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது, போன வருடம் ஒரு வியாழக்கிழமை மதியம், ராமநாதபுரத்தில் ஒரு திரையரங்கின் நடு வரிசையில்.

கல்லூரிக்கு மட்டம் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும், அதனால் வேறு வழியில்லை. பழைய ஆங்கிலச் சிறுவர் கதை ஒன்றை வைத்து எடுத்த படத்தின் இரண்டாம் பாகம் அது. ஒரு சிறுமி தன் ஊர்க் கடிகாரக் கோபுரத்தில் ஏறி, மேகங்களுக்கு மேலே இருக்கும் நாட்டுக்குப் போய்விடுவாள். முதல் பாகம் முடியும்போது கோபுரப் படிக்கட்டு இடிந்து விழும். அவள் மேலே, அவளுடைய தம்பி கீழே. நூலகத்தில் இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் படித்தவள் நான். அந்த மேக நாட்டைத் திரையில் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

சுவரொட்டியில் தமிழ் என்றுதான் போட்டிருந்தது. படம் தொடங்கியதும் எல்லாரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள்.

"ஏலே, தமிழப் போடுலே!" என்று பின்னாலிருந்து சத்தம். விசில். ஓர் ஊழியர் வந்து, "தமிழ் ஓட மாட்டேங்குது. இருக்கவங்க இருங்க, போறவங்க போங்க" என்று சொல்லிவிட்டு மறைந்தார். பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் பார்க்கும் படத்துக்குப் பிள்ளை இல்லாமல் வந்திருக்கிறாரே என்று முன்பே கவனித்திருந்தேன்.

"தங்கச்சி, இது தமிழில வராதோ?"

"வராது போலக்கா."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். திரையில் அந்தச் சிறுமி ஒரு கொக்கிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கா என் பக்கம் சாய்ந்து, "அவள் இப்ப என்ன சொல்லுறாள்? அதை மட்டும் சொல்லுங்கோவன்" என்றார்.

சொன்னேன். பிறகு கொக்கு சொன்னதையும் சொன்னேன். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கிசுகிசுப்பை விட்டுவிட்டு, சிறுமிக்கு ஒரு குரல், கொக்குக்கு ஒரு குரல் என்று கிளம்பிவிட்டேன்.

"ஏ பாப்பா, எங்களுக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு. நாங்க மட்டும் சுவரேறிக் குதிச்சா வந்தோம்?" என்றார் பின் வரிசையில் ஒரு பெரியவர்.

குரலைக் கூட்டினேன். மேக நாட்டு ராஜா வந்தான். மழையைப் பூட்டி வைத்திருப்பவன் அவன்தான். "'மழை என் பெட்டிக்குள்ள இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு'ங்கிறான்" என்று நான் அடித்தொண்டையில் சொன்னதும், "இவன முதுகுளத்தூர்ப் பக்கம் பாத்த மாதிரி இருக்கே!" என்றது ஒரு குரல். "அதான் நம்ம கண்மாய்க்கு வரலையா!" என்றது இன்னொன்று. என் ஊரும் அந்தப் பக்கம்தான். சிரிப்பில் ராஜாவின் அடுத்த இரண்டு வசனங்களை விட்டுவிட்டேன்.

"மெதுவாச் சொல்லுத்தா. பின்னாடி மாடா வெரட்டுது?"

எனக்கு வேகமாகப் பேசித்தான் பழக்கம். அன்று முதல்முறையாக, எதிரே இருப்பவர்கள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து பேசினேன்.

இடைவேளையில் அந்த அக்கா பையிலிருந்து அவித்த கடலையை எடுத்து என் கையில் கொட்டினார். மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறாராம். மன்னார்ப் பக்கம் ஊர். பன்னிரண்டு வயதில் படகேறி வந்தவர்.

"இதின்ர முதல் பாகம் எங்கட பள்ளிக்கூடத்தில தமிழில இருந்தது, தங்கச்சி. தம்பிக்கு அப்ப ஏழு வயசு. வாசிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க வாயைப் பாத்துக்கொண்டு இருப்பான். இரண்டாம் பாகம் மன்னார் ரவுண் லைப்ரரியில இருக்கு, எடுத்துத் தாறன் எண்டு டீச்சர் சொன்னவ. அதுக்குள்ள சண்டை வந்திட்டுது. நாங்கள் இஞ்ச வந்திட்டம். அவன் பெரியம்மாவோட அங்கயே நிண்டிட்டான்."

தம்பி இப்போது அங்கே மீன்பிடிக்கிறார். போனில் பேசிக்கொள்வார்கள். இந்தப் படம் வந்திருப்பதை யாரோ சொல்ல, 'நீ பாத்திட்டு எனக்குச் சொல்லு, நீ சொன்னாத்தான் எனக்குக் கதை' என்றாராம். அன்று மாலை கடலுக்குப் போகுமுன் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க போய்ப் பாக்க முடியாதாக்கா?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"போக வழி இருக்கு. வா வா எண்டுதான் அவனும் கேக்கிறான். எனக்குத்தான் பயம். போனில பாக்கிற முகம் வேற. என்ர மனசில அவனுக்கு இன்னும் ஏழு வயசு. நேர போய் நிண்டு என்னத்தைக் கதைக்கிறது?"

மணி அடித்தது. உள்ளே போனோம்.

கதை நன்றாகவே சூடு பிடித்தது. ராஜாவிடமிருந்து சாவியைப் பறித்தாயிற்று. இனி மேகத்தின் உச்சியில் இருக்கும் பெரிய மணியை அடித்தால் மழை வரும். சிறுமி மணிக்கூண்டில் ஏறுகிறாள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பின் வரிசைப் பெரியவர் கூட வாயை மூடிக்கொண்டார்.

திரை வெள்ளையானது.

கால் மணி நேரம் காத்திருந்தோம். மிஷின் போய்விட்டது, இனி இன்று ஓடாது என்றார்கள். நாளை புதுப்படம். "மழையப் பூட்டினவன் மிஷினையும் பூட்டிட்டான்டா" என்று முணுமுணுத்தபடி கூட்டம் வெளியேறியது.

வாசல் வெயிலில் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பரவாயில்லை தங்கச்சி" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நேரத்தில அவன் எடுப்பான். நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் சொல்றேன்க்கா! புத்தகம் படிச்சிருக்கேன்!"

என் ஊர்ப் பேருந்துக்கு நேர் எதிர்த் திசையில் போகும் ராமேஸ்வரம் பேருந்தில் அவரோடு ஏறிவிட்டேன். அய்யாவுக்குப் போன் போட்டு மண்டபம் வரை போய்விட்டு வாரேன் என்றேன். "அங்கன யாரு இருக்கா?" என்றார். "ஒரு கதை பாதியில நிக்குதுய்யா." "உன் கதை என்னைக்கு முடிஞ்சிருக்கு? வெரசா வந்து சேரு."

மணிக்கூண்டின் முதல் படியிலிருந்து தொடங்கினேன். காற்று, மின்னல், சிறகொடிந்த கொக்கு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில் முன் இருக்கைக்காரர்களும் திரும்பிக்கொண்டார்கள். உச்சிப்புளி தாண்டியபோது எனக்கே நாக்கு தடுக்கியது. புத்தகத்தின் முடிவு நினைவுக்கு வந்துவிட்டது. அந்த மணியை அடிப்பவர் மேலேயே தங்கிவிட வேண்டும். அவள் அடிக்கிறாள். ஊரெல்லாம் மழை. படிக்கட்டு திரும்ப வருவதே இல்லை. நூலகத்தில் படித்தபோது, ஆகா என்ன முடிவு என்று தோழியிடம் குதித்தவள் நான்.

"ஏன் நிப்பாட்டிட்டியள்?" அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அவள் வீட்ட போகேல்லை, என்ன?"

"ஆமாக்கா."

பக்கத்தில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். "அது சரித்தா, கீழ நின்ன சின்னப்பய என்ன ஆனான்?" என்றார்.

யோசித்துப் பார்த்தால், அந்தத் தம்பியைப் பற்றி இரண்டாம் பாகத்தில் ஒரு வரிகூட இல்லை. "புஸ்தகத்துல இல்லம்மா" என்றேன்.

"இல்லையா? என்னத்த எழுதுனான் எழுதுனவன்! அக்காகாரி மணி அடிக்கிறா, மழை பெய்யிது, எல்லாஞ் சரி. அந்தப் பய இன்னும் நனைஞ்சுக்கிட்டா நிக்கிறான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ இறங்கி வந்துட்டான்னே சொல்லிருங்கக்கா. அவருக்கு எப்படித் தெரியப்போவுது?"

"சொல்லலாம். 'அவள் வந்திட்டாள், நீ எப்ப வாறாய்?' எண்டு கேப்பான். அவள் வரேல்லை எண்டு சொன்னால் ஒண்டுமே கேக்கமாட்டான். அது இன்னும் கஷ்டம்."

மண்டபத்தில் இறங்கினோம். நிழற்குடைக்குள் நின்று தாவணியைச் சரிசெய்துகொண்டிருந்தேன், அவர் போன் அடித்தது. காற்றுச் சத்தம் அதிகமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்னக்கா, பாத்தியோ? அவள் இறங்கினாளோ?" படகு இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு முரட்டுக் குரல். ஆனால் அந்தக் கேள்வி ஒரு குழந்தை கேட்பது போலவே இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார்.

"படம் இடையில நிண்டுபோச்சடா. மணிக்கூண்டில ஏறுற இடத்தோட."

"அட, இந்த முறையும் பாதியோ!" தம்பி சத்தமாகச் சிரித்தார். "அப்ப மிச்சம்?"

"மிச்சம் எனக்குத் தெரியும். ஆனா போனில சொல்லமாட்டன்." என்று போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "நேர வந்துதான் சொல்லுவன்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நின்றது.

"அக்கா, பகிடி விடாத."

"பகிடி இல்லையடா. ஊருக்கு வர மனு குடுக்கப்போறன்."

யாரோ அவரைப் படகிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. "வந்து சொல்லு. முழுசாச் சொல்லு. அந்தத் தம்பியையும் விடாமச் சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டார்.

அக்கா போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள்தான் என்னை இதில மாட்டி விட்டது. இனி அந்தத் தம்பிக்கும் கதையில ஒரு இடம் செய்து தாங்கோ, பிள்ளை" என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

அக்கா மனு கொடுத்துவிட்டார். அது நகரும்போது நகரட்டும். கதையில் தம்பிக்கு இடம் செய்யும் எங்கள் வேலை அதைவிட மெதுவாக நகர்கிறது. முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் போகிறேன். கதையில் வரும் தம்பி ஏணி கட்டுவதாக ஒருமுறை சொன்னேன். "அவன் அவ்வளவு பொறுமைசாலி இல்லை" என்று தள்ளிவிட்டார். கொக்கின் முதுகில் ஏறிப்போவதாகச் சொன்னேன். "அவனுக்கு உயரமெண்டால் பயம்." ஏழு வயதுத் தம்பியைப் பற்றித் தொடங்கி, இப்போதெல்லாம் கடலுக்குப் போகும் தம்பியைப் பற்றியே பேசுகிறார். போனில் அவரிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதாம்.

வரும் ஞாயிறு வேறு மாதிரித் தொடங்கிப் பார்க்கப்போகிறோம். முதல் மழைத்துளி தம்பியின் தலையில் விழுகிறது, அதிலேயே அவனுக்கு அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் என்ன செய்வான் என்பது எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது. முடிவு தெரிந்த கையோடு யாரிடமாவது கொட்டிவிடத் துடிக்கும் எனக்கு, சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு கதையைக் கையில் பிடித்துக்கொண்டே ஒருவர் கடலைக் கடக்கத் துணிய முடியும் என்பது அந்தப் பேருந்து நிறுத்தத்தில்தான் புரிந்தது.