கலர் டிரஸ் போடாத பிறந்தநாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தென்னை மரம் ஏறிக் காய் பறித்துப் பிழைத்தேன். இன்றைக்கு ஆலங்குடியில் தேங்காய் மண்டி எங்கே என்று கேட்டால் முதலில் என் மண்டியைத்தான் கை காட்டுவார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டுகூட நான் போட்டுக் கொடுத்ததுதான். 'உபயம்' என்று போட்டு, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி என் பெயரை எழுதச் சொன்னேன்.

பேத்தி இரண்டாம் வகுப்பு. மகன் சிங்கப்பூரில் இருப்பதால் அவளுக்கு எல்லாம் நான்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் என்றால் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மட்டும் யூனிஃபார்ம் வேண்டாம், கலர் டிரஸ். காலைப் பிரேயரில் மேடையில் ஏற்றுவார்கள்; எல்லாப் பிள்ளைகளும் பாடுவார்கள். அப்புறம் சாக்லேட் தட்டோடு வகுப்பு வகுப்பாகப் போகலாம்; கூட ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளலாம். அது யார் என்பதில்தான் பெரிய பஞ்சாயத்து. ரப்பர் கொடுக்கிறவளா, ஊறுகாய் கொடுக்கிறவளா என்று மனதை மாற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஊறுகாய்க்காரி ஜெயித்தாள். டிரஸ் எடுக்கப் புதுக்கோட்டைக்கு நானே கூட்டிப்போனேன். மயில் கழுத்து நிறத்தில் ஒரு கவுன். போட்டுக்கொண்டு சுற்றினால் குடை மாதிரி விரிந்தது.

பிறந்தநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. திருவரங்குளத்தில் என் பெரியப்பா மகன் இறந்துவிட்டார். வரப்புத் தகராறில் நாங்கள் பேச்சை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் பங்காளி. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடிகிறவரை எங்களுக்கும் தீட்டு. புதுத்துணி கூடாது, இனிப்புக் கொடுக்கக் கூடாது.

பள்ளிக்கூடம் என்ன வீடா என்று நான் ஒரு வழி பார்த்தேன். என் அக்கா விடவில்லை.

"அங்கிட்டுப் படிக்கிற புள்ளைகள்ல பாதி நம்ம சனம். பொணம் கெடக்கையில ஒம் பேத்தி புதுச்சட்ட போட்டு முட்டாய் குடுத்தான்னு ஒரு வார்த்த வந்தா, அந்த வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்ப?"

வடக்கத்தி வியாபாரிகளையே பேசி மடக்குகிற நான், அக்கா சொன்னதற்குத் தலையாட்டினேன். மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படியும் மாமா ஏதாவது செய்வார் என்று அவளுக்கு நினைப்பு. திருவரங்குளத்துத் தாத்தா இறந்துட்டாக, நாம கொண்டாடுனாக் கோவிச்சுக்குவாக என்று பேத்தியிடம் நான்தான் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டாள்.

"அந்தத் தாத்தாவுக்கு என்னையத் தெரியுமா?"

"தெரியாதுத்தா."

"அப்பறம் அவுக எப்புடிக் கோவிச்சுக்குவாக?"

மறுநாள் இழவு வீட்டுக்குப் போகிற வழியில் அவளை யூனிஃபார்மில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடத்தில் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மணி அடித்து வாட்ச்மேன் கேட்டைச் சாத்திய பிறகு, மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே நின்று கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மேடை ஏறினாள். பிள்ளைகள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மிஸ்ஸிடம் சொன்னது மைக்கில் விழுந்தது.

"எங்க வீட்டுல தீட்டு மிஸ். பாட வேண்டாம்னு சொல்லுங்க."

பாட்டு உடனே நிற்கவில்லை. முன்வரிசை நிறுத்தியது. பின்னால் இருந்த சின்னதுகள் கைதட்டிப் பாடிக்கொண்டே இருந்தன. அது முடிகிறவரை அவள் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கை கட்டி நின்றாள்.

"தொறப்பா" என்றேன்.

"பிரேயர் முடியாமத் தொறக்கக் கூடாதுங்கய்யா. கேட்டு மாட்டுன அன்னைக்கு நீங்கதானே கண்டிசனாச் சொன்னீங்க" என்றார் வாட்ச்மேன்.

திறந்திருந்தால் உள்ளே போய் என்ன செய்திருப்பேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாளே தலைமை ஆசிரியையைப் பார்த்து, பேத்தியின் பிறந்தநாளை இன்னொரு நாள் கொண்டாட வேண்டும் என்றேன். ஐயா கேட்டால் இல்லையென்று சொல்வேனா, எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள், செய்துவிடுவோம் என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பேத்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எனக்குப் பொறந்தநாள் இல்லையே தாத்தா."

நான் சொன்னால் எல்லாரும் பாடுவார்கள் என்றேன்.

"பாடுவாக. அப்பறம் கேலி பண்ணுவாக."

கவுனை அடுத்த வருஷம் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, அவளே மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். வளர்கிற பிள்ளை. தையலைப் பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி இருக்கிறதா பார் என்று மருமகளிடம் சொன்னேன். அவள் இடுப்பிலும் கீழ் ஓரத்திலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தளவுகூட விட்டிருக்கவில்லை.

"இல்லீங்க மாமா" என்றாள், பேத்தி காதில் விழாமல்.