நாலு படி வெளுத்த முகம்

பிறந்ததிலிருந்தே அவள் கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கால் நடக்காது, கை நடுங்கும். பள்ளிக்கூடத்தில் 'சாய்வு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் அதையே தன் படங்களுக்குக் கீழே கையெழுத்தாகப் போட்டுக்கொண்டாள். இப்போது முப்பத்துநாலு வயது. விளம்பரப் பலகை அச்சடிக்கும் கடையில் வரைகிறாள். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் டேப்லெட்டைக் கட்டி, பேனாவை முஷ்டிக்குள் பிடித்து வரைவாள். நடுங்கும் கோட்டை நேராக்கித் தரும் வசதி அதில் உண்டு. அதை அணைத்தே வைத்திருந்தாள். "என் கோடு நடுங்கினா நடுங்கட்டும். யார் போட்டதுன்னு தெரியணும்ல?" என்பாள். கொழுப்புதான். அந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

கடைக்குப் போக அவளுக்கிருந்த ஒரே வழி, சாய்தளம் உள்ள பேருந்து. அதில் ஏற மாற்றுத்திறனாளி பாஸ் வேண்டும். புதுப்பிக்கப் போன இடத்தில் வந்தது வினை. படமெடுக்கும் எழுத்தரின் நாற்காலியில் ஓர் இயந்திரத்தை உட்கார வைத்திருந்தார்கள். "முகம் தெரியவில்லை. நேராக நிற்கவும்," என்றது. நிற்க முடிந்தவள் இந்தப் பாஸுக்கு எதற்கு வருகிறாள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "மெஷின் ஒத்துக்கணும்மா. என் கையில ஒண்ணுமில்ல."

ஐந்து முறை போனாள், ஐந்து முறையும் அதே பதில். கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் வேலை தேங்கிக் கிடந்தது. "மாசக் கடைசிவரைக்கும் பார்க்கிறேம்மா. அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன், கோவிச்சுக்காதே."

ஆறாவது முறை வரிசையில் இருந்தபோதுதான் அவள் மற்றவர்களைக் கவனித்தாள். வெளுத்த தோல்காரர்கள் போன சூட்டோடு பாஸும் கையுமாகத் திரும்பினார்கள். திருப்பியனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் அவள் தெருக்காரர்கள். மூன்று தலைமுறைக்கு முன் கூலி வேலைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள், நல்ல கறுப்பு. அவர்களில் பார்வையில்லாத டெலிபோன் மாமாவும் ஒருவர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இயந்திரம், "கண்ணைத் திறந்து பார்க்கவும்," என்றதாம்.

"பார்க்க முடிஞ்சா உன் மூஞ்சிலயா முழிப்பேன்னு கேட்டுட்டு வந்துட்டேன்," என்றார் மாமா.

அன்றே வேலையைத் தொடங்கினாள். கேன்டீனில் சமைக்கும் அண்ணி, வேலை முடிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். அண்ணியும் நாத்தனாரும் கூட்டுச் சேர்ந்தால் எந்த அலுவலகம் தாங்கும்? நாற்பத்தோரு பேர் தேறினார்கள். ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்து, அவரவர் தோலில் எந்தெந்த நிறம் ஓடுகிறதோ அதைப் பிசகாமல் எடுத்து வரைந்தாள். படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் கூடவே எழுதினாள். மாமாவின் போன் அதை வாசித்துக் காட்டும். எல்லாப் படத்துக்கும் ஒரே தலைப்பு: 'இந்த முகம் தெரியவில்லையாம்.'

படங்கள் போன் போனாகப் பரவின. அலுவலகத்துக்கு வேறு வழியில்லை. மாதம் முடிய ஒருநாள் இருக்கையில் அந்த இயந்திரம் இருந்த கூடத்திலேயே குறைகேட்புக் கூட்டம் வைத்தார்கள். நாற்பத்தோரு பேரும் போய்க் கூடத்தை நிரப்பினார்கள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இயந்திரத்துக்கு ஏதுங்க கறுப்பு, வெள்ளை? அதெல்லாம் மனுஷனுக்குத்தான்."

"அப்ப என் படத்தை அதுக்குக் காட்டலாமா சார்?" என்றாள் சாய்வு.

அண்ணி டேப்லெட்டைத் தூக்கி இயந்திரத்தின் முன் பிடித்தாள். சாய்வு தன்னையே வரைந்த படம். முகம் தெரியவில்லை என்றது இயந்திரம். சாய்வு படத்தில் தலையை மட்டும் நிமிர்த்தினாள். அப்போதும் தெரியவில்லை. பிறகு நிறத்தை ஒரு படி வெளுத்தாள். இரண்டு, மூன்று. நான்காவது படியில் பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி. படம் ஏற்கப்பட்டது." வெளுப்பை அப்படியே விட்டு, தலையை மறுபடி சாய்த்தாள். விளக்கு சிவந்தது.

கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டது இயந்திரம்.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று மாமா கத்தினார். அவருக்குச் சொல்லத்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். "நாலு படி வெளுத்தாத்தான் முகமாம்! நிமிர்ந்தாத்தான் ஆளாம்!" சொன்னது அவர்களுக்கே பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் வாசலில் நின்றவர்களும் அதையே முழங்கினார்கள்.

அதிகாரி குனிந்து அவள் காதருகே பேசினார். "உங்க அவசரம் எனக்குப் புரியுதும்மா. பச்சை விழுந்த படத்தையே போட்டுடலாம். இப்பவே பாஸ் கையில."

விடிந்தால் மாதத்தின் கடைசி நாள். அண்ணியும் தோளைத் தொட்டாள். "வாங்கிக்கோடி. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் திரையில் இருந்த வெள்ளைக்காரியைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள். அதிகாரியின் கண்ணெதிரிலேயே அவளை அழித்தாள்.

"அவ யாருன்னே எனக்குத் தெரியாது சார். பஸ்ல போக வேண்டியவ நான்."

யாரும் எழுந்து போகவில்லை. மாலை மூன்று மணிக்கு எங்கேயோ போனில் பேசிவிட்டு அதிகாரி தலையாட்ட, எழுத்தரே இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி, பீரோவிலிருந்த பழைய கேமராவை எடுத்துத் தூசி தட்டினார். அலுவலகம் மூடும் நேரம் தாண்டியும் உட்கார்ந்து நாற்பத்தோரு பேரையும் அவளையும் எடுத்தார். பழக்கத்தில் அவளிடம், "கொஞ்சம் நேரா..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, இருந்தபடியே எடுத்தார்.

மறுநாள் காலை பேருந்து நின்று சாய்தளம் இறங்கியது. ஓட்டுநர் பாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். அதே சாய்ந்த தலை, அதே கறுப்பு.

"நீங்களேதான்," என்றார்.

"வேற யாரு?" என்று சொல்லிவிட்டு, சாய்வு வேலைக்குப் போனாள்.